அரத்தால் ஏழு இழுப்பு

1

இந்தக் கதையை எழுதச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை, அதுவாகவே வந்து கதவைத் தட்டியது என்று தொடங்கத்தான் ஆசை. எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் சொல்கிறார்கள். என் கதவைத் தட்டியது ஒரு ரெக்கார்டு கம்பெனி. முப்பது வருடத்துக்கு முன்னால் வந்த ஒரு ராக் ஆல்பத்தை அவர்கள் மறுபடி வெளியிடுகிறார்கள். கூடவே பன்னிரண்டு பக்கத்தில் ஒரு சிறு புத்தகமும் கொடுக்கிறார்கள். அதில் அந்த ஆல்பத்தின் கிட்டார்காரனைப் பற்றி நான் எழுத வேண்டும்.

"அடங்காத ஒரு மனுஷன் எப்படிப் பக்குவப்பட்டாருன்னு வரணும் சார்," என்றார் கம்பெனியில் இதைக் கவனிக்கும் பெண்மணி. "கண்ணு போனதுக்கு அப்புறம்தான் அவர் மனுஷனாவே ஆனாருன்னு எல்லாரும் சொல்றாங்க. அதைக் கொஞ்சம் நெகிழ்ச்சியா எழுதிடுங்க."

எனக்கு வயது ஐம்பத்தெட்டு. உட்கார்ந்தால் இடுப்பு வலிக்கிறது, நின்றால் முழங்கால். நெகிழ்வதற்கு உடம்பில் இடமே இல்லை. ஆனாலும் ஒப்புக்கொண்டேன். அந்தக் கிட்டார்காரனுக்குப் பதினோரு வருடம் கம்பி மாற்றிக் கொடுத்தவன் நான். அவன் தங்கையைக் கட்டியவனும் நான்தான். வேறு யாராவது எழுதினால் தப்பாக எழுதிவிடுவார்கள் என்று அந்தப் பெண்மணியிடம் சொன்னேன்.

[சரியாக எழுதிவிடுவார்களோ என்ற பயம்தான் உண்மையான காரணம். அச்சுக்குப் போகுமுன் இந்த அடைப்புக்குறியை எடுத்துவிட வேண்டும்.]

2

முதல் தொடக்கம்: "மேடை முழுவதும் புகை. புகையைக் கிழித்துக்கொண்டு ஒரு உருவம்—"

வேண்டாம். எங்களிடம் புகை இயந்திரம் இருந்ததே இல்லை.

இரண்டாம் தொடக்கம்: "ஏழு வயதில் அவன் அப்பாவின் ரேடியோவைக் கழற்றினான். அதற்குள் அவன் கேட்டது—"

இதுவும் வேண்டாம். எல்லாக் கலைஞர்களும் ஏழு வயதில் எதையாவது கழற்றியிருக்கிறார்கள். என் மாடிவீட்டுக்காரரும் கழற்றியிருக்கிறார், அவர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றார்.

மூன்றாம் தொடக்கம்: அவனை எல்லாரும் 'தகராறு' என்றுதான் கூப்பிடுவார்கள். சுவரொட்டியிலும் அதையே போட்டார்கள். வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அதைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், அவ்வளவு சாதுவான பெயர். தகராறு செய்த தகராறுகளை எழுதினால் பன்னிரண்டு பக்கமும் அதற்கே போய்விடும். சிறப்பு விருந்தினர் பேச எழுந்ததும் ஒரே ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு, அவர் உட்காரும்வரை பதினோரு நிமிடம் விடாமல் வாசித்தான். டிரம்ஸ் வாசிப்பவரை ஒன்பது தடவை மாற்றினான். ஒன்பதாவது ஆள் முதல் ஆளேதான், அது அவனுக்கு மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது. ஒருமுறை பாட்டின் நடுவில் கிட்டாரைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே போனான். ஆம்ப்ளிஃபயர் கத்திக்கொண்டே இருந்தது. வண்டி நிறுத்துமிடத்தில் ஒருவரோடு பாதியில் விட்டு வந்த சண்டையை முடித்துவிட்டுத் திரும்பி வந்து, மிச்சப் பாட்டை வாசித்தான். ஜனம் அதற்கும் கைதட்டியது.

"உங்க மச்சான் எப்ப என்ன பண்ணுவாரு?" என்று அரங்கத்துக்காரர்கள் என்னிடம் கேட்பார்கள். ஜோசியரிடம் கேட்பதுபோல பயபக்தியோடு கேட்பார்கள்.

இந்த மூன்றாம் தொடக்கம் பரவாயில்லை. என் மனைவியும் பரவாயில்லை என்றாள். அவள் ஒரு அச்சகத்தில் பிழை திருத்துகிறாள். நான் எழுதுவதை முதலில் படிப்பவள் அவள்தான். படிக்கும்போது கையில் சிவப்புப் பென்சில் இருக்கும். பாராட்டு என்பது அவள் அகராதியில் பென்சில் படாத பக்கம்.

3

இனி அந்தப் பாட்டு. அதற்கும் ஒரு தலைப்பு உண்டு, யாரும் சொல்வதில்லை. 'அறுந்த பாட்டு' என்பார்கள்.

ஸ்டுடியோவில் அதைப் பதிவு செய்தபோது, முடிவுக்குச் சற்று முன்னால், அவன் மூன்றாவது கம்பியை விரலால் மேலே தள்ளித் தள்ளி ஒலியை ஏற்றிக்கொண்டே போனான். கம்பி அறுந்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் நிறுத்தியிருப்பார்கள். இவன் உரக்க ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு, மிச்சமிருந்த ஐந்து கம்பியில் இன்னும் நாற்பது விநாடி வாசித்தான். ஒலிப்பதிவாளர் கெட்ட வார்த்தையை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை அப்படியே வைத்துவிட்டார். அந்த நாற்பது விநாடிக்காகத்தான் ஆல்பம் விற்றது.

வினை அங்கேதான் தொடங்கியது. மேடையில் அந்தப் பாட்டு வந்தால் கம்பி அறுவதற்காக ஜனம் காத்திருந்தது. கம்பி என்ன, நாம் சொன்னால் கேட்குமா? அது பாட்டுக்கு இருந்தது. "அறு! அறு!" என்று கத்தினார்கள். மூன்றாவது ஊரில் ஒரு செருப்பு வந்து விழுந்தது. ஒற்றைச் செருப்பு.

வழி கண்டுபிடித்தது நான்தான். பூட்டுக்குச் சாவி வெட்டுபவர்கள் வைத்திருக்கும் சின்ன முக்கோண அரம் ஒன்று வாங்கினேன். லாட்ஜ் அறையில் உட்கார்ந்து பதினோரு கம்பிகளைப் பலி கொடுத்துக் கணக்குப் பிடித்தேன். கம்பி உட்காரும் இடத்துக்கு ஒரு விரற்கடை மேலே, அரத்தால் ஏழு இழுப்பு. ஆறு இழுத்தால் அறாது. எட்டு இழுத்தால் முந்தைய பாட்டிலேயே போய்விடும். ஏழு இழுத்தால், நான்காவதாக வரும் அந்தப் பாட்டில், அவன் விரலால் தள்ளும் அந்த இடத்தில், சொன்ன சொல் தவறாமல் அறும்.*

பத்திரிகைகள் அதை ஆவேசம் என்று எழுதின. ஆவேசத்துக்கு நான் மூன்று மணிக்கே அரம் போட்டு வைத்துவிடுவேன். அவனுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயம் இது. என் மனைவிக்குக்கூட இந்தப் பக்கத்தைப் படித்தபோதுதான் தெரிந்தது. ஓரத்தில் "அடப்பாவிகளா" என்று எழுதியிருக்கிறாள்.

* பாட்டை அன்று வாசிக்காமல் விட்டால் அரம்போட்ட கம்பியைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். இதுதான் எங்கள் ஒரே விதி. இந்தக் குறிப்பை மறக்காதீர்கள், பின்னால் தேவைப்படும்.

4

உங்களில் யார் வீட்டுச் சுவரிலாவது அந்தப் படம் இருக்கலாம். கிட்டாரைப் பிடித்தபடி, தலையைப் பின்னால் வீசி எறிந்து, கண்களை இறுக மூடி நிற்கிறான். உலகத்தையே உதறித் தள்ளியவன் நிற்கும் நிலை என்று ஒருவர் அதைப் பற்றி ஒரு முழுப் பக்கம் எழுதினார். பனியனில் அச்சடித்தார்கள்.

அது ஒரு முன்ஜாக்கிரதை. கம்பி அறும்போது விசிறிக்கொண்டு மேலே வரும், முகத்தில் பட்டால் கிழிக்கும். அறுவதற்கு ஒரு நொடி முன்னால் முகத்தைத் திருப்பிக் கண்ணை மூடிக்கொள் என்று சொல்லிக் கொடுத்தவன் நான். மற்ற நேரமெல்லாம் அவன் குனிந்துதான் வாசிப்பான். ஆம்ப்ளிஃபயர் என்னதான் அலறினாலும், கம்பியின் சொந்தச் சத்தம் அவனுக்குக் கேட்க வேண்டும். முகம் கம்பிமேல் இடிக்கிற அளவுக்குக் குனிவான். முதல் பாட்டில் இன்னும் அதிகம் குனிவான், அன்றைக்குக் கிட்டார் எப்படி இருக்கிறதென்று மோப்பம் பிடிக்கிற மாதிரி.

[கம்பெனிப் பெண்மணிக்கு இந்தப் பகுதி பிடிக்காது. அந்தப் படத்தைத்தான் அட்டையில் போடுகிறார்கள்.]

அவனுக்கு அந்தப் பாட்டின்மேல் வெறுப்பு வந்தது இயல்புதான். அடங்காதவனைப் பிடித்து, தினம் இத்தனை மணிக்கு இந்த இடத்தில் அடங்காமல் இரு என்றால் என்ன செய்வான்? பத்தாவது வருடத்தில் என்னிடம் சொன்னான்: "மாப்ள, ஆபீஸ் போறவன் கார்டு பஞ்ச் பண்றான் பாரு, அந்த மாதிரி நான் கம்பி அறுக்கறேன்." அப்போது நான் சிரித்தேன். இப்போது இரண்டாவது முறை டைப் அடிக்கும்போது சிரிப்பு வரவில்லை.

5

அந்த நாள். பத்தொன்பது வருடம் ஆகிறது.

ஒரே அரங்கில் இரண்டு நிகழ்ச்சி, மதியம் இரண்டுக்கு ஒன்று, மாலை ஆறுக்கு ஒன்று. மதியம் நான்காவது பாட்டு வந்ததும் அவன் மைக்கைப் பிடித்து, "இன்னிக்கு அறுக்கிற மூடு இல்ல. வேணும்னா வீட்டுக்குப் போய் ரெக்கார்டு போட்டுக் கேட்டுக்குங்க," என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விட்டான். ஜனம் பாதி கூச்சல், பாதி கைதட்டல்.

அரம்போட்ட கம்பி அறாமல் அப்படியே கிட்டாரில் இருந்தது. நான் அதை மாற்றியிருக்க வேண்டும். இரண்டு நிகழ்ச்சிக்கும் நடுவில் ஆயிரம் வேலை. மாற்றாததை மறந்துவிட்டு, புதுக் கம்பி என்ற நினைப்பில், மறுபடி ஏழு இழுப்பு இழுத்துவிட்டேன். மாலை முதல் பாட்டிலேயே கம்பி அறுந்தது. அவன் குனிந்திருந்தான். இடது கண்.

ஆஸ்பத்திரியில் கட்டோடு படுத்திருந்தவன் கேட்டான்: "மாப்ள, கம்பி மாத்தலையா?"

"மறந்துட்டேன் மச்சான்."

நான் ஒரு ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தேன். உரித்து முடித்தும் கையிலேயே வைத்திருந்தேன்.

"மறக்கிறது மனுஷ புத்தி," என்றான். "நான் மத்தியானம் ஒழுங்கா அந்தப் பாட்ட வாசிச்சிருந்தா அது அங்கயே அறுந்திருக்கும். என் திமிரு மாப்ள. என் திமிருதான் என் கண்ணப் பிடுங்கிருச்சு."

அன்றோடு தகராறு முடிந்தான். ஒரு கண் இல்லாமல் கிட்டார் வாசிக்க முடியாதா என்ன? ஒரு மாதத்தில் வாசித்தான், விரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதன்பின் சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால் வந்தான். தாளில் என்ன இருந்ததோ அதை வாசித்தான். "சரிங்க சார்" என்றான். சிமெண்ட் விளம்பரம், சோப்பு விளம்பரம், பிரஷர் குக்கர் விளம்பரம். குக்கர் விசிலுக்கு அடுத்து இரண்டு விநாடி கிட்டார் வருமே, அது அவன்தான். எங்கே போனாலும் அந்தப் பாட்டைக் கேட்டார்கள். எங்கே கேட்டாலும் வாசித்தான். கம்பி அறாது, அரம் கிடையாது, தலையை வீசுவதும் கிடையாது. ஒருமுறைகூட "மூடு இல்ல" என்று சொன்னதில்லை. பக்குவம் வந்துவிட்டது என்று ஊரே மெச்சியது.

இதுவரை எழுதி மனைவியிடம் கொடுத்தேன். மறுநாள் காலை பக்கங்கள் சாப்பாட்டு மேசைமேல் இருந்தன. ஐந்தாம் பகுதியில் ஒரே ஒரு இடத்தில் சிவப்பு. 'மறந்துவிட்டு' என்ற சொல்லைச் சுற்றி ஒரு வட்டம், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

"என்ன தப்பு?" என்றேன்.

அவள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். "இந்தக் கதையில கம்பி மாத்துறவன்னு ஒருத்தன் வரான். ஆறு இழுத்தா இப்படி, எட்டு இழுத்தா அப்படின்னு எண்ணி எண்ணி வேலை செய்யறவன். அவன் போய் மறப்பானா? நம்பற மாதிரி இல்ல."

"மனுஷன் மறக்க மாட்டானா?"

"நாம முதல்ல குடியிருந்த வீட்டு மின்சார மீட்டர் நம்பரை இப்பக் கேட்டாலும் சொல்றவரு நீங்க." பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "சொல்லுங்க, மறந்தீங்களா?"

பஸ் வந்துவிடும் என்று சொல்லித் தப்பித்தேன். பஸ்ஸுக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது, அது அவளுக்கும் தெரியும்.

6

மறக்கவில்லை.

இந்த ஒரு சொல்லை எழுத நான்கு நாள் ஆனது. நடுவில் சமையலறைக் குழாயைப் பழுது பார்த்தேன், அலமாரியைத் துடைத்தேன், கம்பெனிப் பெண்மணிக்கு உடம்பு சரியில்லை என்று செய்தி அனுப்பினேன். உடம்பு சரியில்லைதான்.

அந்த வாரம் நான் என் முதல் கதையை எழுதி முடித்திருந்தேன். முப்பத்தொன்பது வயதில் முதல் கதை. ஒன்பது பக்கம். அதைத் தகராறிடம் கொடுத்தேன். அவன்தான் எனக்குத் தெரிந்த ஒரே கலைஞன். "படிச்சுட்டுச் சொல்றேன் மாப்ள," என்றான். மூன்று நாள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, ரோஷம்.

மதிய நிகழ்ச்சி முடிந்து, கம்பியை மாற்றுவதற்காக மேடைக்குப் போனேன். ஆம்ப்ளிஃபயரின் ஒரு கால் குட்டை, எப்போதும் ஆடும். அன்று ஆடவில்லை. குனிந்து பார்த்தால், நான்காக மடித்த என் ஒன்பது பக்கமும் அதன் அடியில் இருந்தது.

அவன் வேண்டுமென்றே செய்யவில்லை. கையில் கிடைத்த காகிதத்தை வைத்திருப்பான், அவ்வளவுதான். எனக்கு அது அப்போதே தெரியும். தெரிந்ததால்தான் கோபம் அதிகமானது. வேண்டுமென்று செய்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

அவன் அறைக்குப் போய்க் கேட்டேன். "கதைய எங்க வெச்ச?"

"எந்தக் கதை?" என்றான். உண்மையாகவே யோசித்தான். பிறகு, "மாப்ள, நீ எழுதி என்ன ஆகப் போகுது? உனக்குத்தான் அரம் இருக்கே," என்று சிரித்தான். நல்ல மனநிலையில் இருந்தான். பாட்டை வாசிக்காமல் விட்ட சந்தோஷம்.

திரும்பி மேடைக்கு வந்தேன். மூன்றாவது கம்பி பழையது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதில் என் ஏழு இழுப்பு பளபளவென்று தெரிந்தது. அரத்தை எடுத்து அதே வெட்டில் மறுபடி இழுத்தேன். முதல் பாட்டிலேயே அறட்டும். எல்லார் முன்னாலும் நேரம் கெட்ட நேரத்தில் அறுந்து அவன் முழிக்கட்டும். நான் இல்லாமல் அவன் ஆவேசம் எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்கட்டும். அவ்வளவுதான் நினைத்தேன். கண்ணை நினைக்கவில்லை.

[முதல் பாட்டில் அவன் குனிந்து வாசிப்பான் என்று நான்காம் பகுதியில் நானே எழுதியிருக்கிறேன். பதினோரு வருடம் பக்கத்தில் நின்றவனுக்கு அது அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லையா? வரவில்லை என்றுதான் நினைக்கிறேன். தினமும் என்னை நானே கேட்கிறேன். களைத்துப் போய்விட்டேன்.]

கண்ணுக்காக நான் அழுதேன், ஒளிந்து ஒளிந்து நிறைய அழுதேன். ஆனால் என்னை அரித்தது அதைவிட இன்னொன்று. தன் திமிர்தான் காரணம் என்று அவன் ஆஸ்பத்திரியில் சொன்னபோது நான் வாயைத் திறக்கவில்லை. பத்தொன்பது வருடமாக அவன் தன் குணத்துக்குத் தண்டனை கொடுத்துக்கொண்டு குக்கர் விசிலுக்குப் பின்னால் வாசிக்கிறான். செய்யாத தப்புக்கு ஒரு மனிதன் அடங்கிப் போனதைத்தான் நான் நெகிழ்ச்சியாக எழுத வேண்டுமாம்.

இந்தப் பகுதியை மனைவி படித்தாள். பென்சிலே வைக்கவில்லை. பாராட்டாக இருக்க வழியில்லை. பக்கங்களை வரிசைப்படுத்தி ஒரு கிளிப் போட்டாள்.

"அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி அண்ணன் கையெழுத்து வேணும்னு கம்பெனியில கேட்டிருக்காங்க இல்ல? ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு வரச் சொல்லியிருக்கேன். ஒத்தக் கண்ணால படிச்சா அவருக்குத் தலை வலிக்கும். நீங்களே படிச்சுக் காட்டுங்க."

"எல்லாத்தையுமா?"

"அது உங்க இஷ்டம். எழுதினது நீங்க."

அன்றிலிருந்து அவள் என்னிடம் வீட்டு விஷயம் மட்டும் பேசுகிறாள். கேஸ் தீர்ந்துவிட்டது, மாடிவீட்டுக்காரர் சாவி கேட்டார், அந்த மாதிரி.

7

முடிவை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்வது என் வழக்கம். தனித்தாளில் மூன்று எழுதினேன்.

அ) நான் படித்து முடிக்கிறேன். அவன் எழுந்து வந்து என் தோளில் கை வைக்கிறான். "விடு மாப்ள," என்கிறான். இருவரும் அழுகிறோம்.

ஆ) படித்து முடிக்கிறேன். அவன் என்னை அடிக்கிறான். நான் தடுக்கவில்லை. உதட்டில் ரத்தம், மனதில் நிம்மதி.

இ) ஆறாம் பகுதியைப் படிக்காமல் விடுகிறேன். அவன் கையெழுத்துப் போடுகிறான். சாகும்வரை நான் சுமக்கிறேன். கடைசி வரியில் மழை.

மூன்றும் சுமாராக இருந்தன. மழையை அடித்துவிட்டேன்.

8

ஞாயிற்றுக்கிழமை மூன்று ஐம்பத்தைந்துக்கு அவன் கீழே வாசலில் நிற்பதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். சரியாக நாலுக்கு மணி அடித்தான். செருப்பை ஜோடியாகச் சேர்த்து, சுவரோரமாக விட்டான். கறுப்புக் கண்ணாடி. கையில் தங்கைக்கு ஒரு டஜன் வாழைப்பழம்.

"படி மாப்ள," என்று நாற்காலியில் உட்கார்ந்தான். மனைவி டீயை வைத்துவிட்டுச் சமையலறை வாசலிலேயே நின்றுகொண்டாள்.

படித்தேன். இரண்டாம் பகுதியில் சிரித்தான். "ஒன்பதாவது ஆளு முதல் ஆளேதான்! மூணு மாசம் எனக்குத் தெரியலையே," என்றான். நான்காம் பகுதியில், "ஆமா, கார்டு பஞ்ச், நான்தான் சொன்னேன்," என்றான். ஐந்தாம் பகுதியில் நாற்காலியில் சாய்ந்துகொண்டான். அது முடிந்ததும் நான் நிறுத்தினேன். அடுத்த தாள் கையில் இருந்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். மனைவியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தாள், சின்னப் பிள்ளையைப் பார்ப்பதுபோல.

ஆறாம் பகுதியைப் படித்தேன். அடைப்புக்குறிக்குள் இருப்பதையும் விடாமல் படித்தேன்.

படித்து முடித்துத் தாளை மேசையில் வைத்தேன்.

"மறுபடி எத்தன இழுப்பு?" என்றான்.

"ஏழு."

"எண்ணினியா?"

"எண்ணினேன்."

"கோவத்துலயும் எண்ணியிருக்க." கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தான். அந்தக் கண்ணை நான் பல வருடமாக நேராகப் பார்த்ததில்லை. "அப்ப, நான் மத்தியானம் அந்தப் பாட்ட விட்டதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

"இல்ல மச்சான். நீ விட்டா கம்பிய மாத்தறது என் வேலை. எப்பவும் மாத்தியிருக்கேன்."

"என் திமிரு இல்ல."

"இல்ல."

"என் திமிரு இல்ல," என்று மறுபடி சொன்னான், இந்த முறை தங்கையிடம். "கேட்டியா பாப்பா?"

"கேட்டேண்ணே." அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "டீ ஆறுது."

அவன் டீயைத் தொடவில்லை. "முடிவு எழுதலையா?" என்றான்.

தனித்தாளைப் படித்துக் காட்டினேன். அ, ஆ, இ. அடித்த மழையையும் சொன்னேன். கேட்டுவிட்டுக் கொஞ்சம் யோசித்தான்.

"மூணுலயும் கடைசியில நீதான் நல்லா இருக்க."

இத்தனை வருடத்தில் என் எழுத்தைப் பற்றி அவன் சொன்ன முதல் கருத்து இது. சரியான கருத்தும்கூட.

கையை நீட்டினான். தாளைக் கொடுத்தேன். அதை இரண்டாக மடித்தான், பிறகு நான்காக. மேசையின் கால்களை ஒரு பார்வை பார்த்தான், வேண்டுமென்றேதான் பார்த்தான், பழைய தகராறு பார்க்கிற மாதிரி. பிறகு தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"இதுல நீ கை வெக்காத. முடிவு என்னோடது."

"மச்சான், சனிக்கிழமை—" என்றேன். சனிக்கிழமை வெளியீட்டு விழா. ஆல்பம் முழுவதையும் வரிசைப்படி அவன் வாசிக்க வேண்டும், அறுந்த பாட்டு நான்காவது. அழைப்பிதழிலேயே அச்சடித்துவிட்டார்கள்.

"சனிக்கிழமைக்கு கம்பிய நானே போட்டுக்கறேன்," என்றான். "அந்த அரம் இன்னும் இருக்கா?"

பீரோவின் அடித்தட்டில், ஒரு துணியில் சுற்றி இருந்தது. எடுத்து வந்து கொடுத்தேன். உள்ளங்கையில் வைத்து எடை பார்த்துவிட்டு, அதையும் பையில் போட்டுக்கொண்டான். கையெழுத்துப் போட வேண்டிய படிவம் மேசையில் அப்படியே கிடந்தது. எழுந்தான். தங்கையின் தலையில் ஒரு முறை கை வைத்தான். வாசலில் செருப்பைக் காலால் தேடி மாட்டினான்.

"போறேன்," என்றான்.

எங்கள் வீட்டில் யாரும் அப்படிச் சொல்லமாட்டோம். போகிறவர்கள் போயிட்டு வரேன் என்போம். அவனும் இத்தனை வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தான். மனைவி திடுக்கிட்டு வாசலுக்கு ஓடினாள். "அண்ணே, வரேன்னு சொல்லுங்க!" அவன் படியிறங்கிக்கொண்டிருந்தான். கீழ்த்தளத்தில் தபால் பெட்டியோ எதுவோ ஒரு உதை வாங்கும் சத்தம் கேட்டது. பிறகு வெளிக்கதவு.

அவள் திரும்பி வந்து அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஆறிப்போன டீயைக் குடித்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கும் தைரியமும் இல்லை.

9

இது பன்னிரண்டு பக்கத்துக்குள் அடங்காது, கம்பெனி ஏற்காது. அதனால் உங்களிடம் கொடுக்கிறேன்.

அவன் சனிக்கிழமை வருவானா, வந்தால் நான்காவது பாட்டை வாசிப்பானா, "மூடு இல்ல" என்று மைக்கைப் பிடிப்பானா என்று எனக்குத் தெரியாது. அரத்தை எதற்கு எடுத்துப் போனான் என்றும் தெரியாது. என்னை மன்னித்தானா என்பதைத்தான் தெரிந்துகொள்ள ஆசை. ஆனால் அதைக் கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. நான் அங்கே போகப்போவதில்லை. நீங்கள் போனால் மேடையின் இடதுபக்கம் நில்லுங்கள். அவன் முகம் அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும். நான் நின்ற இடம் அது.

என்ன நடந்தது என்று எனக்கு எழுத வேண்டாம். இந்தப் பகுதியில் வர வேண்டிய மிச்சம் அவன் சட்டைப் பையில் இருக்கிறது.